யோய்க் யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள ஐயா,

யொஹான் தூரியின் நூல் 1910இல் வந்தது, வட ஐரோப்பாவின் பழங்குடிகளான ஸாமிகளின் மொழியில் மதம் சாராத முதல் நூல் அதுதான் என்று வகுப்பில் படித்தோம். அப்படியென்றால் ஸாமி இலக்கியம் அங்கிருந்துதானே தொடங்குகிறது? அதற்கு முந்திய, யோய்க் எனப்படும் வாய்ப்பாட்டுகளையும் இலக்கியம் என்பது வெறும் பெருந்தன்மை இல்லையா? எந்தப் புத்தகத்தை முதலில் வாசிக்கலாம்?

க., ஒஸ்லோ

அன்புள்ள க.,

யார் யாருக்குக் காட்டும் பெருந்தன்மை, பிள்ளை? வகுப்பில் கேட்டதை யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டீர்கள். கோபம் வந்தது. ஆனால் கொஞ்ச நாளாக எனக்குள்ளும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆண்டுக் கணக்கில் எனக்கு அக்கறை இல்லை. கணக்குத்தான் வேண்டுமென்றால், 1673இலேயே ஸ்வீடனில் வாழ்ந்த ஷெஃபெருஸ் என்ற அறிஞர் தன் லத்தீன் நூலில் இரண்டு ஸாமிப் பாடல்களை அச்சிட்டுவிட்டார். கொடுத்தவர் ஊலவுஸ் சிர்மா என்ற ஸாமி மாணவர். ஐரோப்பா அவற்றை மொழி மொழியாக மாற்றிக் கொண்டாடியது. அதே ஸ்வீடனில் 1693இல் லார்ஸ் நில்சன் என்ற ஸாமி முதியவரை எரித்தார்கள். மூழ்கி இறந்த பேரனை மீட்க மேளம் தட்டித் தன் பழைய தெய்வங்களை வேண்டியது குற்றமாம்.

வட நோர்வேயின் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், என் பக்கத்தில் நின்று மீன்துண்டில் முள் எடுக்கும் ஸாமி அம்மா ஒருவர் இருந்தார். கை வேலையில் இருக்க, வாய் மெல்ல ஏதோ இசைத்துக்கொண்டிருக்கும். சொல்லென்று பெரிதாக ஒன்றும் இல்லை; லோ, லோ, லா என்று சுற்றிச் சுற்றி வரும். ஜெபவீட்டுக்குப் போகிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று நிறுத்திவிடுவார். யோய்க் பாவம் என்று கேட்டு வளர்ந்தவர். பாடசாலையில் தாய்மொழியையும் பேசவிடாத தலைமுறை. அது தன் பேரனின் யோய்க் என்றார். யார் கட்டியது என்று கேட்டேன். "நான்தான். ஆனால் அவனுடையது."

இதைத்தான் உங்கள் வகுப்பு கேட்கத் தவறியது. யோய்க் கட்டியவருக்குச் சொந்தமில்லை; யாரை யோய்க் செய்கிறோமோ அவருக்கே சொந்தம். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நடுவில் பிடித்து நடுவில் விடுவார்கள். ஆள் செத்த பிறகும் அவருடைய யோய்க்கை எடுத்தால் அவர் வந்துவிடுகிறார். ஆசிரியர் யார், எந்த ஆண்டு, முதல் வரி எது என்று கேட்டுக்கொண்டு போனால் இங்கே ஒன்றுமே அகப்படாது. அகப்படவில்லை என்பதற்காக இலக்கியம் இல்லை என்று தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம். ஆசிரியர் பெயரைத் தேடுவதற்குத்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். பாடப்பட்டவரின் உரிமையைப் பற்றி யோசிக்கப் பழக்கவில்லை.

சரி, புத்தகம். நில்ஸ்-அஸ்லாக் வல்கெயபாவின் 'சூரியன், என் தந்தை', 1988. நோர்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு பெற்றது. அவரே யோய்க் பாடகராகவும் இருந்தவர். நோர்வேஜியப் பதிப்போடு நிறுத்தாமல் ஸாமிப் பதிப்பையும் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஓரிடத்தில் கலைமான்களைக் குறிக்கும் சொற்கள் பக்கம் பக்கமாகச் சிதறி, மந்தையாகவே நகர்ந்து போகும். அந்தப் பக்கங்களை நிதானமாகப் புரட்டுங்கள்.

அப்புறம் தூரி. ஓநாய் வேட்டைக்காரர், பேச்சுப் போலவே எழுதுவார். மான் மேய்ப்பு, மருந்து, பேய்க்கதை எல்லாம் கலந்து வரும். யோய்க் பற்றியும் ஒரு பகுதி உண்டு: மற்றவர்களை நினைவில் வைத்திருக்கும் கலை அது, சிலரை அன்போடும் சிலரை வெறுப்போடும் சிலரைத் துயரத்தோடும் என்கிறார். நீங்கள் தொடக்கம் என்று சொன்ன 1910 நூலிலேயேதான் இது இருக்கிறது. அந்தப் பகுதியை முதலில் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.