எரிமலைப் பாறையிலிருந்து இரும்பு எடுக்க முடியுமா?

கேள்வி: அண்மையில் மகாராஷ்டிரம் சென்றிருந்தபோது, அங்குள்ள கரிய பாறைகள் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை என்றும், அவற்றில் இரும்பு உண்டு என்றும் வழிகாட்டி கூறினார். மலை மலையாகக் கிடக்கும் அப்பாறையை உருக்கி இரும்பு எடுக்கலாமே, ஏன் எடுப்பதில்லை?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வழிகாட்டி சொன்னது சரியே. பசால்ட் எனப்படும் அப்பாறையில் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ இரும்பு இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி பைராக்சீன், ஆலிவின் போன்ற கனிமங்களுக்குள் சிலிக்கனோடும் ஆக்சிஜனோடும் இறுகப் பிணைந்திருப்பதால், ஹேமடைட் என்னும் இரும்புத் தாதுவைப் போலக் கரியோடு சேர்த்து உலையிலிட்டு எளிதாகப் பிரித்துவிட முடியாது. பிரித்தாலும், 10 கிலோ இரும்புக்காக 90 கிலோ கசடையும் உருக்க வேண்டும். நல்ல ஹேமடைட் தாதுவிலோ 60 சதவீதத்துக்கு மேல் இரும்பு உண்டு. எரிபொருள் செலவை நினைத்தாலே யாரும் பின்வாங்கிவிடுவார்கள்.

எரிமலைப் பாறையில் சிறு பங்கு இரும்பு மட்டும் காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் துகள்களாக இருக்கும். அவற்றைப் பிரிக்கப் பாறையை மாவாக அரைக்க வேண்டும். நியூசிலாந்தில் அந்த வேலையை மழையும் ஆறும் கடலலையும் கூலியில்லாமல் செய்து வைத்திருக்கின்றன. டாரனாகி எரிமலைப் பாறைகள் சிதைந்து, கனமான துகள்கள் மட்டும் கரையில் ஒதுங்கியதால், வடதீவின் மேற்குக் கடற்கரை நெடுகக் கருமணல் படிந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு குடியேறியவர்கள் அதை உருக்கப் பலமுறை முயன்று தோற்றனர். அத்துகள்களில் கலந்திருந்த டைட்டானியம் ஊதுலையில் கசடைக் கெட்டியாக்கி உலையையே அடைத்துவிடும் என்பது ஒரு காரணம். மணல் மிக நுண்ணியதாக இருந்தது இன்னொரு காரணம். 1960களின் இறுதியில் அந்நாட்டின் கிளென்புரூக் உருக்காலை தொடங்கிய பிறகே வழி பிறந்தது. அங்கு காந்தத்தால் பிரித்த மணலை நிலக்கரியோடு சுழலும் சூளையில் சூடாக்கி, உருகாத நிலையிலேயே ஆக்சிஜனை நீக்கி, அதன் பின்னரே மின்னுலையில் உருக்குகிறார்கள். வைகாட்டோ ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே அள்ளும் மணல், நீரில் கரைத்த சேறாக 18 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே ஆலைக்கு வருகிறது.

இயற்கையே உலை வைத்த இடமும் ஒன்று உண்டு. கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவில், எரிமலைக் குழம்பு கரிமம் செறிந்த படிவுகளின் ஊடே ஏறியபோது, அக்கரிமம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, பசால்ட்டுக்குள்ளேயே உலோக இரும்பு திரண்டது. 1870இல் அங்கு பெரும் இரும்புக் கட்டிகளைக் கண்ட சுவீடன் ஆய்வுப்பயணி நார்டன்ஷோல்டு அவற்றை விண்கற்கள் என்றே நினைத்தார். கிரீன்லாந்தின் பழங்குடிகளான இனுயிட் மக்களோ, அதற்கு வெகுகாலம் முன்பே, பாறையிலிருந்து சிறு இரும்பு மணிகளைப் பிரித்து, சூடாக்காமலே தட்டித் தகடாக்கி, எலும்புப் பிடியில் வரிசையாகச் செருகிக் கத்தி செய்துகொண்டிருந்தார்கள்.