எல்.எஸ்.இ. கிடைக்காத மகனுக்கு: நோயல் குவின் போன வழி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) தவறிவிட்டது, பர்மிங்ஹாம் சிட்டி பல்கலைக்கழகத்தில் கணக்கியல்தான் கிடைத்தது, இனிப் பெரிய வங்கிப் பக்கம் தலைகாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்.

அந்தப் பல்கலைக்கழகம் பர்மிங்ஹாம் பாலிடெக்னிக்காக இருந்த காலத்தில் அங்கே படித்தவர்தான் எச்.எஸ்.பி.சி. என்ற பெரிய பன்னாட்டு வங்கியின் தலைமைப் பொறுப்பில் இருந்த நோயல் குவின். நம் ஊரில் பாலிடெக்னிக் என்றால் டிப்ளமா. பிரிட்டனில் அன்று அங்கே பட்டமே படிக்கலாம். 1992-இல் அவை பல்கலைக்கழகங்களாகின. கணக்காளரான குவின் 1987-இல் சேர்ந்த ஃபார்வர்டு டிரஸ்ட், மிட்லண்ட் வங்கியின் துணை நிறுவனம். பளபளப்பான முதலீட்டு வங்கி அல்ல. 1992-இல் மிட்லண்டை எச்.எஸ்.பி.சி. வாங்கியது. அவரும் அங்கேயே வளர்ந்து, ஹாங்காங் வரை போய், 2020-இல் முழுப் பொறுப்புள்ள தலைமைச் செயல் அதிகாரியானார். 2024-இல்தான் விலகினார்.

அவர் பெரும்பாலும் இருந்தது தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில். அங்கே ஒரு நிறுவனத்தின் கணக்கைப் படிக்கத் தெரியவேண்டும். 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி வங்கி வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் விழுந்தது. அதன் பிரிட்டன் கிளை நிறுவனத்தை, சுமார் 550 கோடி பவுண்டு கடன்களோடும் 670 கோடி பவுண்டு வைப்புகளோடும், குவின் தலைமையில் எச்.எஸ்.பி.சி. திங்கள் காலைக்குள் வாங்கிவிட்டது. விலை ஒரே ஒரு பவுண்டு. வார இறுதிக்குள் அப்படி முடிவெடுக்க, கணக்கைப் பார்த்ததும் புரியும் பழக்கம் வேண்டும்.

குவினுக்கு நடந்தது உங்கள் மகனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். இன்று போட்டி அதிகம். ஆனால் எச்.எஸ்.பி.சி.யின் பிரிட்டன் வங்கிக்கு 2018 முதல் தலைமையகமே பர்மிங்ஹாமில்தான், சென்டினரி சதுக்கத்தில். அவன் படிக்கும் ஊரைவிட்டுப் போகவே வேண்டாம்.

சரி, இப்போது செய்யவேண்டியது. முதலாண்டிலேயே வங்கிகள் வசந்தகாலத்தில் நடத்தும் 'ஸ்பிரிங் வீக்' என்ற குறுகிய காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இலையுதிர்காலத்திலேயே பல இடங்களில் விண்ணப்பம் திறந்துவிடும், கிறிஸ்துமஸ் வரை தள்ளிப்போடவேண்டாம். ஓராண்டு வேலைப்பயிற்சியோடு வரும் படிப்பு இருந்தால் அதையே எடுக்கட்டும். ஏ.சி.சி.ஏ. என்ற தொழில்முறைக் கணக்காளர் தேர்வில் எத்தனை தாள்களுக்கு விலக்கு உண்டு என்று துறையிலேயே கேட்டு வைக்கவேண்டும்.

அப்புறம், கடை நடத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாதக் கணக்கை அவன் கையில் கொடுங்கள். லாபம் வந்தும் மாதக் கடைசியில் கையில் காசு இல்லாமல் போவது ஏன் என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடன் பிரிவு நேர்காணலில் அவன் சொல்லப்போகும் முதல் உதாரணம் அதுவாகவே இருக்கட்டும்.