வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்ட பிள்ளைகள்: சிமா சியென் பற்றிக் கேள்வி பதில்

சீனத்தின் பழைய வரலாற்றாசிரியர் சிமா சியெனைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

சார், நான் பொறியியல் படிக்கிறவன். யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஹான் பேரரசர் வூ காலத்து அரசவை வரலாற்று அதிகாரி, தம்பி. அதே பதவியில் இருந்த அவருடைய தந்தை சிமா தான் கி.மு. 110இல் இறந்தார். சாகும்போது மகன் கையைப் பிடித்து அழுது, தான் தொடங்க நினைத்த வரலாற்றை முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்படி உருவானதுதான் ‘ஷிஜி’. புராண காலத்து மஞ்சள் பேரரசரில் தொடங்கித் தன் காலம் வரை 130 அத்தியாயங்கள். மொத்தம் 5,26,500 எழுத்துகள் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் 70 அத்தியாயங்கள் வாழ்க்கை வரலாறுகள்.

‘கியான்’ என்று ஓரிடத்தில் படித்தேனே?

ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே படித்ததால் வந்தது. ‘சியென்’ என்பதுதான் சீன உச்சரிப்புக்குக் கிட்டே வரும். ‘சிமா’ குடும்பப் பெயர், அது முன்னால் வரும்.

அவருக்குக் கொடுமையான தண்டனை கொடுத்தார்களாமே, எதற்கு?

வாயைத் திறந்ததற்கு. கி.மு. 99இல் லீ லிங் என்ற தளபதி 5,000 காலாட்படையோடு, வடக்கே இருந்த நாடோடிகளான சியொங்னுக்களின் நாட்டுக்குள் போய், பெரும்படையிடம் மாட்டி, கடைசியில் சரணடைந்தார். அவையில் எல்லோரும் அவரைத் திட்ட, சிமா சியென் மட்டும் பரிந்து பேசினார். பேரரசரை இழிவுபடுத்தினார் என்று வழக்காகி, மரண தண்டனையில் வந்து நின்றது. பணம் கட்டி மீளலாம், ஆனால் வீட்டில் பணம் இல்லை. மிச்சம் இருந்த வழி ஆண்மை நீக்கும் தண்டனை. மானமுள்ளவன் அதற்குத் தற்கொலையே மேல் என்று நினைத்த காலம் அது. அவர் அவமானத்தை ஏற்றுக்கொண்டார். நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார்: அன்று செத்திருந்தால் ஒன்பது மாட்டில் ஒரு மயிர் உதிர்ந்த மாதிரிதான் இருந்திருக்கும், நூலும் முடிந்திருக்காது.

போர்க்களத்தில் செத்தவன் கடைசியாகப் பேசியதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? இது வரலாறா, கதையா? (வரலாற்று ஆசிரியை)

நல்ல கேள்வி, அம்மா. நீங்கள் சொல்வது சியாங் யூ அத்தியாயம் என்று நினைக்கிறேன். ஹானுக்கு முன்பிருந்த சின் பேரரசு விழுந்தபின் நாட்டுக்காக, பின்னாளில் ஹான் பேரரசரான லியூ பாங்கோடு மோதி, கி.மு. 202இல் தோற்றவன். கைசியாவில் முற்றுகை. இரவில் நாலு பக்கமும் எதிரிப் பாசறையிலிருந்து அவனுடைய சொந்த நாடான சூவின் பாட்டுகள் கேட்கின்றன. ‘என் நாட்டையே பிடித்துவிட்டார்களா, இத்தனை சூ ஆட்கள் எப்படி?’ என்று திகைக்கிறான். குடிக்கிறான், பாடுகிறான், காதலி யூவும் சேர்ந்து பாடுகிறாள். முற்றுகையை உடைத்து ஓடி வந்தபின், ஊஜியாங் என்ற ஆற்றுத்துறையில் படகோடு ஒருவர் காத்திருக்கிறார். ஏற மறுக்கிறான். ‘8,000 இளைஞர்களோடு இந்த ஆற்றைக் கடந்து வந்தேன், ஒருவன்கூடத் திரும்பவில்லை. எந்த முகத்தோடு அவர்கள் பெற்றோரைப் பார்ப்பேன்?’ குதிரையைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கிச் சண்டை போடுகிறான். எதிரிப் படையில் பழைய தெரிந்தவன் ஒருவனைப் பார்த்து, ‘என் தலைக்குப் பெரிய விலை வைத்திருக்கிறார்களாம், உனக்கு ஓர் உதவி செய்கிறேன்’ என்று தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். உடலுக்காக அடித்துக்கொண்டு ஐந்து பேர் ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போகிறார்கள். ஐவருக்கும் பிரபு பட்டம்!

கூடாரத்துக்குள் பாடியதை யார் வந்து சொன்னார்கள்? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஊரில் உலவிய பாட்டையும் பேச்சையும் எடுத்து, அந்த ஆள் இப்படித்தான் பேசியிருப்பான் என்று கோத்திருக்கிறார் என்பது என் முடிவு. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியல்ல. ஜிங் கே பின்னாளில் பேரரசரான சின் மன்னரைக் கொல்லப்போன கதையில், மன்னரைக் காப்பாற்ற மருந்துப் பையை வீசியெறிந்த வைத்தியரோடு பழகியவர்கள் வாய்வழி வந்த செய்தி இது என்று வழியையே சொல்லிவிடுகிறார்.

சியாங் யூவை அவர் விட்டுவிடவும் இல்லை. ‘வானம் என்னை அழிக்கிறது, என் போர்த்திறன் குறையல்ல’ என்று அவன் சொன்னதை அத்தியாயத்தின் முடிவில் எடுத்து, அபத்தம் என்கிறார். அழவைத்துவிட்டு அடுத்த பக்கத்தில் தலையில் குட்டுவது அவர் பழக்கம்.

ஆளும் வம்சத்தையே எழுதும்போது பயம் இல்லையா?

இருந்திருக்கும். அதனால்தான் எதை எங்கே வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங் தோற்று ஓடும்போது, வண்டி வேகமாகப் போக வேண்டும் என்று பெற்ற மகனையும் மகளையும் கீழே தள்ளிவிடுகிறார். வண்டியோட்டி ஒவ்வொரு முறையும் இறங்கித் தூக்கி ஏற்றுகிறார். லியூ பாங்கின் அத்தியாயத்தில் தேடினால் இது கிடைக்காது, எதிரியான சியாங் யூவின் அத்தியாயத்தில் இருக்கிறது. பேரரசனாகவே ஆகாத அந்த சியாங் யூவைப் பேரரசர்கள் வரிசையில் வைத்ததும் ஒரு தீர்ப்புதான். என்னைக் கேட்டால் அவருடைய இலக்கியத் திறமை வசனங்களைவிட இந்த அடுக்குவதில்தான் அதிகம்.

பிற்காலத்தவர் ஏற்றுக்கொண்டார்களா?

பாதிப் பாதி. கி.பி. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பான் கூ, சண்டியர்களையும் வியாபாரிகளையும் தூக்கி வைத்து எழுதிவிட்டார் என்று குறை சொன்னார். அதே மூச்சில், வெற்றுப் புகழ்ச்சி இல்லை, தீமையை மறைக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். 1917இல் வாங் குவோவெய் என்ற அறிஞர் ஆமை ஓடுகளிலும் எலும்புகளிலும் கிடைத்த பழைய எழுத்துகளோடு, ஷிஜி தரும் ஷாங் வம்ச அரசர் பட்டியலை ஒப்பிட்டபோது, சிமா சியெனுக்கே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன.

முதலில் எதைப் படிக்கலாம் சார்?

லீ ஸியின் வரலாறு. சின் பேரரசின் தலைமை அமைச்சர். இளம் வயதில் சின்ன குமாஸ்தாவாக இருந்தபோது கக்கூஸ் எலிகளைப் பார்க்கிறார்: அழுக்கைத் தின்று, ஆள் வந்தால் நடுங்கி ஓடுகின்றன. அப்புறம் தானியக் கிடங்கு எலிகள்: கொழுத்து, கவலையே இல்லாமல் திரிகின்றன. மனிதனும் இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் என்று முடிவு கட்டிப் புறப்படுகிறார். ஏறிய உயரம் எல்லாம் ஏறியபின், கி.மு. 208இல் இடுப்போடு வெட்டிக் கொல்ல இழுத்துப் போகிறார்கள். கூடவே போகும் மகனிடம் சொல்கிறார்: மஞ்சள் நாயைக் கூட்டிக்கொண்டு நாம் இருவரும் ஊர்க் கிழக்கு வாசல் வழியாக முயல் வேட்டைக்குப் போக ஆசையாக இருக்கிறது, இனி முடியுமா?