கத்திரி வெயிலும் ஜன்னலோரச் செடியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். மேற்கு ஜன்னலில் மணி பிளாண்ட்டும் பீஸ் லில்லியும் இருக்கின்றன. கத்திரி தொடங்கியதும் இலைகளில் வெள்ளைத் திட்டு வந்து, காகிதம் போலக் காய்ந்துவிட்டது. தினமும் மூன்று வேளை தண்ணீர் ஊற்றியும் செடி தொங்குகிறது. கீழ் இலைகள் மஞ்சளாகின்றன.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன. ஜன்னலைப் பார்த்த இலைகளில் திட்டு விழுந்தது வெயிலால். கீழ் இலை மஞ்சளானது மூன்று வேளைத் தண்ணீரால். சூடேறிய ஈர மண்ணில் காற்று குறைந்து வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. மண் நனைந்திருக்கும்போதே செடி வாடும். வாடுகிறதே என்று நாம் மறுபடி ஊற்றுவோம். கோடையில் வீட்டுச் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன.

முதலில் தொட்டிகளை ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளுங்கள். பிறகு செடியை மெதுவாகக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். இந்த வெயிலில் தொட்டி மாற்றுவது இன்னொரு அடி. கறுத்துக் கொழகொழவென்று நாறினால் மட்டும் அந்த வேர்களை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டி, செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), ஆற்று மணல் சம அளவு கலந்து நடுங்கள்.

இனி, விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலை 7 மணிக்குள் ஊற்றுங்கள். அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அது வேருக்கும் சூடுதான். முதல் நாள் இரவே பக்கெட்டில் பிடித்து வையுங்கள்.

கருகிய இடம் மறுபடி பச்சையாகாது. ஆனாலும் பாதி பச்சையாக இருக்கும் இலையை வெட்டாதீர்கள், செடிக்குச் சோறு போடுவது அதுதான். புதுத் துளிர் விரியும்வரை உரம் வேண்டாம்.

ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகே தடுக்கப்படும். 50 சதவீத நிழல் வலையை வெளிப்பக்கம் கிரில்லில் கட்டுங்கள். மொட்டை மாடித் தளம் இரவிலும் சூட்டைக் கீழே இறக்கும் என்பதால், மேலே தொங்கும் தொட்டிகளைக் கோடை முடியும்வரை தரைக்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி: அரேகா பாம் ஏசி அறையில்தான் இருக்கிறது, வெயிலே படாது. இருந்தும் இலை நுனிகள் கருகுகின்றன. வீணாக்க வேண்டாமே என்று ஆர்ஓ மெஷினின் கழிவு நீரை ஊற்றுகிறோம்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அந்தக் கழிவு நீரில்தான் உப்பு சேர்ந்து வருகிறது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே பல இடங்களில் உப்பு. அதை வடிகட்டி மிஞ்சுவது கேட்க வேண்டாம். அதை வீடு கழுவ வையுங்கள். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், 10 லிட்டர் தொட்டி என்றால் 20 முதல் 30 லிட்டர் நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி வடிய விடுங்கள். அதன் பிறகு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பு அநேகமாக இல்லை. ஏசி காற்று நேராக இலையில் அடித்தாலும் நுனி காயும். செடியைச் சற்று ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தோம். கோகோபீட் கட்டி போல இறுகிவிட்டது. ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே ஓடிவிடுகிறது.
– வாசகி, பெரம்பூர்

பதில்: முழுக்கக் காய்ந்த கோகோபீட் மேலே ஊற்றும் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. தொட்டியைப் பக்கெட் தண்ணீரில் விளிம்புவரை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம் வையுங்கள். எடுத்து நன்றாக வடியவிட்டு நிழலில் வையுங்கள்.

கேள்வி: இலையில் ஸ்பிரே அடித்தால் சூடு தணியுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: சில நிமிடம்தான். அதற்குப் பதில் மதியம் கடல்காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னலைத் திறந்து விடுங்கள்.