மாசிடோனியம் தனிமொழிதானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பால்கன் நாடுகளைப் பற்றிய கட்டுரையில் மாசிடோனியத்தைத் தனிமொழி என்று எழுதியிருந்தீர்கள். பல்கேரிய மொழியின் ஒரு வட்டார வழக்குக்கு 1945இல் யூகோஸ்லாவிய அரசு புதுப்பெயர் சூட்டியது என்றுதான் நான் படித்திருக்கிறேன். அது பண்டைய மாசிடோனிய மன்னர் அலெக்சாண்டர் பேசிய மொழியும் அல்லவாம். அப்படியிருக்க, அதைத் தனிமொழி என்பது பொருந்துமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

அலெக்சாண்டரைப் பற்றி நீங்கள் படித்தது சரியே. ஸ்லாவிய மக்கள் பால்கனில் குடியேறியது அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில். இன்றைய மாசிடோனியம் அவர்கள் வழிவந்த தென் ஸ்லாவிய மொழி. பல்கேரியத்துக்கு அது மிக நெருக்கமானது என்பதையும் மறுக்க முடியாது. இன்றைய வடக்கு மாசிடோனியாவில் உள்ள ஸ்ட்ரூகா ஊரைச் சேர்ந்த மிலாதினோவ் சகோதரர்கள் 1861இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்புக்குப் பல்கேரியப் பாடல்கள் என்றே பெயரிட்டார்கள்.

ஆனால் 1945இல் ஓர் அரசாணையால் பிறந்த மொழி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யூகோஸ்லாவியா என்ற நாடே இல்லாத 1903ஆம் ஆண்டில், மொழியறிஞர் கிர்ஸ்தே மிசிர்கோவ் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் அச்சிட்ட நூலில், செர்பியத்திலிருந்தும் பல்கேரியத்திலிருந்தும் ஒருசேர விலகி நிற்கும் நடுப்பகுதிப் பேச்சை, அதாவது ப்ரிலெப், பிட்டோலா வட்டாரப் பேச்சை, எழுத்துமொழிக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். அந்நூலின் படிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. அவரே பின்னாளில் பல்கேரியச் சார்புடன் எழுதியதும் உண்மை. ஆயினும் 1945 மே மாதத்தில் 31 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கையும், அடுத்த மாதம் எழுத்துநெறியையும் வகுத்தவர்கள் அதே நடுப்பகுதிப் பேச்சைத்தான் அடித்தளமாகக் கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான கவிஞர் பிளாஜே கோனெஸ்கி 1952இல் அதன் இலக்கணத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். அரசு அளித்தது ஏற்பு. மொழி அதற்கு முன்பே வயல்களிலும் சந்தைகளிலும் இருந்தது.

அதன் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'க்னிகா' என்றால் புத்தகம். பேசுபவரின் அருகில் இருப்பது 'க்னிகாவா'. எட்ட இருப்பது 'க்னிகானா'. இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம் என்றால் 'க்னிகாதா'. பெயர்ச்சொல்லின் இறுதியிலேயே ஒட்டிக்கொள்ளும் இந்த மூவகைச் சுட்டு, அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளைப் படித்த நமக்கு எளிதில் விளங்கும். எழுத்துப் பல்கேரியத்தில் இவ்வகை விகுதி ஒன்றுதான் உண்டு. சொல்லழுத்தமும் மாசிடோனியத்தில் பெரும்பாலும் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழுகிறது. பல்கேரியத்தில் அதற்கு அப்படி ஒரு நிலையான இடம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒரு பகுதியும் இதில் இருக்கிறது. 1913இல் மாசிடோனிய நிலப்பகுதி பங்கிடப்பட்டபோது, இம்மொழி பேசியோரில் பலர் கிரேக்க எல்லைக்குள் அமைந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1925இல் ஏதென்ஸில் ஒரு அரிச்சுவடி அச்சிடப்பட்டது. அது எந்த வகுப்பறைக்கும் போய்ச் சேரவில்லை. 1936இல் கிரேக்கத்தில் சர்வாதிகாரி மெட்டக்சாஸின் ஆட்சி வந்ததும் அம்மொழியைப் பேசுவதே தடைசெய்யப்பட்டது. பேசியவர்கள் அபராதம் கட்டினார்கள். வீட்டுமொழிக்காகத் தண்டனை பெற்ற அந்த மக்களை நினைக்கும்போது, இது வெறும் வழக்குதானே என்று கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை.

2018இல் ப்ரெஸ்பா ஏரிக்கரையில் கையெழுத்தான உடன்பாட்டில், மாசிடோனிய மொழி என்ற பெயரைக் கிரேக்கமே ஏற்றது. அது தென் ஸ்லாவிய மொழி என்பதும், பண்டைய கிரேக்க நாகரிகத்தோடு தொடர்பற்றது என்பதும் அதிலேயே எழுதப்பட்டன. பல்கேரியாவோ 2020 நவம்பரில், மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி, வடக்கு மாசிடோனியா ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு தொடங்குவதைத் தடுத்தது. நெருக்கமான மொழிகள் என்று பல்கேரிய அறிஞர்கள் சொன்னால் நான் உடன்படுவேன். தன் மொழிக்கு என்ன பெயர் என்பதை வடக்கு மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயில் பள்ளிக்குப் போகும் குழந்தை சோபியாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்தான் உடன்பாடில்லை.