மலை நகரங்களை எதைக் கொண்டு அளப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலை நகரங்களின் சுற்றுச்சூழல் குறிகாட்டிகளை, அதாவது காற்று, நீர், நிலம் ஆகியவற்றின் நிலையைக் காட்டும் அளவுகளைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியுள்ளேன். எந்த அளவைக் குறிப்பிட்டாலும் அதை எடுத்த இடம், நாள், அலகு மூன்றையும் சேர்த்து எழுதுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடற்கரையில் வாழும் நமக்கு மலை நகரங்களின் குறிகாட்டிகளால் என்ன பயன்? (ஓய்வுபெற்ற அலுவலர், மஞ்சக்குப்பம்)

2024 டிசம்பர் 2ஆம் நாளை ஆல்பேட்டையிலும் குண்டு உப்பலவாடியிலும், ஆற்றின் புதுச்சேரிக் கரையில் சோரியாங்குப்பத்திலும் இருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் கொட்டிய மழை ஏறத்தாழ அரை மீட்டர்; ஊத்தங்கரையிலும் அதே அளவு. ஆனால் தென்பெண்ணைக் கரையை மூழ்கடித்தது நம் தலைமேல் பெய்த மழை மட்டுமன்று. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.7 லட்சம் கன அடி அளவுக்குத் திறந்துவிடப்பட்ட நீர், மேலே சவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் அவற்றின் அடிவாரங்களிலும் பெய்து திரண்டது. ஏற்காட்டின் வடசரிவிலிருந்து இறங்கும் வாணியாறு தென்பெண்ணையில்தான் சேருகிறது. கல்வராயனில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றின் வழியாக நம் மாவட்டத்துக்கே வருகின்றன.

அந்த வெள்ளத்துக்கு மலைக் கட்டடங்களே காரணம் என்று நான் சொல்லவில்லை. அத்தனை மழைக்கு எந்தச் சரிவும் தாங்காது. ஆனால் மேற்சரிவு எவ்வளவு வேகமாக நீரைக் கைவிடுகிறது என்பதை வழிந்தோட்ட அளவு, அதாவது மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும் மழைநீரின் அளவு காட்டுகிறது, அந்த வேகத்தைப் பொறுத்தே நமக்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கை நேரம் கூடும் அல்லது குறையும். ஆகவே மலை நகரத்தின் குறிகாட்டியை மலையோடு நிறுத்தாமல், ஆறு கடலில் சேரும் இடம் வரை தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மலை நகரங்களுக்கான சுற்றுச்சூழல் குறிகாட்டிகள் அனைத்தையும் பட்டியலிட்டு அனுப்ப முடியுமா? ஆய்வேட்டுக்குத் தேவை. (முதுகலை மாணவர், காலாப்பட்டு)

முடியும், ஆனால் அனுப்பமாட்டேன். எந்த மலை, எந்த நகரம், எந்தச் சிக்கல் என்று ஒரு சொல்லும் எழுதாமல் பட்டியல் கேட்பவருக்கு அந்தப் பட்டியலால் பயன் இல்லை. நகரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 37120 தரநிலையும் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நகரங்களைப் பற்றிய 11ஆவதும் நிலத்தின் உயிர்ச்சூழலைப் பற்றிய 15ஆவதும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக்கூடியவை. அவற்றைச் சமவெளியிலிருந்து அப்படியே மலைக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதே ஆய்வுக்குரிய கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அவற்றுள் குறிகாட்டி 11.3.1 நிலநுகர்வு வேகத்தை மக்கள்தொகை வளர்ச்சி வேகத்தால் வகுக்கச் சொல்கிறது. விடை 1க்கு மேல் போனால் மக்கள் பெருகுவதைவிட வேகமாக நகரம் பரவுகிறது என்று பொருள். நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2001இல் 7.6 லட்சமாக இருந்தது, 2011இல் 7.35 லட்சமாகக் குறைந்தது. வகுக்கும் எண்ணே எதிர்மறையாகிவிட்டால் விடைக்குப் பொருள் இல்லை. ஆனால் அங்கே கட்டடங்கள் பெருகியதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். விடுதிக்கும் இரண்டாம் வீட்டுக்கும் நிலம் போகும் ஊரில் குடியிருப்பவர் எண்ணிக்கையை வகுக்கும் எண்ணாகக் கொள்ளக் கூடாது. இன்னொன்று: வரைபடத்தில் 1 சதுர கிலோமீட்டராகத் தெரியும் 30 பாகைச் சரிவின் உண்மைப் பரப்பு அதைவிடச் சுமார் 15 விழுக்காடு அதிகம், அதில் கட்டத்தக்க பரப்போ மிகமிகக் குறைவு. அடர்த்தியைக் கணக்கிடும்போது கட்டத்தக்க நிலத்தால் வகுத்துப் பாருங்கள். ஆய்வேடு அங்கிருந்து தானாகத் தொடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவர வரைபடங்களுக்கு, உங்கள் ஊரிலேயே 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு நேரில் செல்லுங்கள்.

ஓர் ஏரியின் பி.ஓ.டி. 30 என்கிறார்கள். நல்லதா, கெட்டதா? (பண்ருட்டி)

பி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு; எண் கூடினால் கழிவும் கூடுதல். எந்த ஏரி, எந்த மாதம், கால்வாய் சேரும் முகத்திலா மதகிலா என்று எதுவும் இல்லை, அலகும் இல்லை. லிட்டருக்கு மில்லிகிராம் என்று நானே எடுத்துக்கொண்டால், குளிப்பதற்கு உகந்த நீருக்கான வரம்பு 3. உங்கள் எண் அதைப்போல் 10 மடங்கு. நம் ஆய்வகங்கள் இச்சோதனையை 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்துச் செய்கின்றன. மலை ஏரியின் நீர் அதைவிட மிகவும் குளிர்ந்தது என்பதால் கழிவு அங்கே மெதுவாகவே சிதைகிறது. சிதையாத மிச்சம் ஓடைவழியே கீழே வெகுதூரம் போகிறது. ஆகவே ஏரியில் மட்டும் அளந்து நிறுத்தாமல், வெளியேறும் ஓடையில் சில கிலோமீட்டர் கீழேயும் மாதிரி எடுக்க வேண்டும்.

மலை நகரங்களில் காற்று எப்போதும் தூய்மையானதுதானே? (ஆசிரியை, வில்லியனூர்)

ஆண்டுச் சராசரியைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் தோன்றும். ஆண்டுச் சராசரியை நம்பாதீர்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. உதகையில் குதிரைப் பந்தயத் திடலில் உறைபனி படிவதும் இதனால்தான். உறைபனி தங்கும் இடத்திலேயே விறகுப் புகையும் வண்டிப் புகையும் தங்கும். காத்மாண்டு பள்ளத்தாக்கு குளிர்காலத்தில் மூச்சுமுட்டுவதற்கும் இது ஒரு காரணம். பி.எம். 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல் 5. இரண்டில் எதைக் கொண்டாலும் பள்ளத்தின் அடியில், குளிர்கால விடியலில் எடுத்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

இ-பாஸ் முறையில் அனுமதிக்கும் வண்டிகளின் எண்ணிக்கையை ஒரு குறிகாட்டியாகக் கொள்ளலாமா? (நெல்லிக்குப்பம்)

கொள்ளலாம், ஆனால் அது அழுத்தத்தைக் காட்டும் எண், விளைவைக் காட்டாது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என வரம்பு வைத்தது. வண்டி குறைந்ததால் குப்பையும் கழிவுநீரும் எவ்வளவு குறைந்தன என்பதைத் தனியாக அளந்தால்தான் வரம்பு சரியா என்று தெரியும்.

நீலகிரியில் மரமே இல்லாத வெற்றுப் புல்வெளிகளில் மரக்கன்று நட எங்கள் குழு விரும்புகிறது. பசுமைப் பரப்பு விழுக்காடுதானே முதன்மையான குறிகாட்டி? (மரம் வளர்ப்போர் குழு, புதுச்சேரி)

நட வேண்டாம். உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். அதனாலேயே விரிவாகச் சொல்கிறேன்.

உயரமான நீலகிரியில் புல்வெளி என்பது மரம் அழிந்து மிஞ்சிய வெற்றிடம் அன்று. பள்ளங்களில் சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காடு, மேடுகளில் புல்வெளி என்பதே அம்மலையின் இயல்பான அமைப்பு. புல்லின் அடர்ந்த வேர்த்தொகுதியும் அதன் கீழுள்ள கரிய மண்ணும் மழைநீரையும் பனிப்புகையின் ஈரத்தையும் உள்வாங்கி, சோலையின் ஓரத்தில் ஓடையாகச் சிறிது சிறிதாக விடுகின்றன. வரையாடு மேய்வதும் அந்தப் புல்வெளியில்தான். 19ஆம் நூற்றாண்டில் யூகலிப்டஸும் சீகை (வாட்டில்) மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. நாடு விடுதலை பெற்ற பிறகு, தோல் பதனிடவும் கூழ் ஆலைக்கும் என்று அவற்றைப் புல்வெளிகளில் பெரும் பரப்பில் நட்டார்கள். நீலகிரியின் கிளென்மார்கனில் புல்லும் சோலையும் இருந்த ஒரு சிறு நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டு, பக்கத்தில் அப்படியே விட்ட நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டு அறிவியலாளர்கள் அளந்தனர். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டித் தழைத்த இரண்டாம் சுழற்சியில் கால்பங்கு குறைந்தது. குறைவு கோடையில்தான் உறைக்கும். குடிநீருக்கு ஓடையை நம்பும் ஊருக்குக் கோடை ஓட்டம்தானே கணக்கு.

இப்போது உங்கள் குறிகாட்டிக்கு வருவோம். இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம், அதாவது மரக்கிளைகளும் இலைகளும் மேலே மூடும் பரப்பு, 10 விழுக்காட்டைத் தாண்டினால் அது வனப்பரப்பு. மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்று அந்த வரையறை கேட்பதில்லை. சீகை அடர்ந்த காடும் சோலையும் அதில் ஒன்றே. மரமில்லாத புல்வெளி அந்தக் கணக்கில் வனமே ஆகாது. ஆகவே நல்ல புல்வெளியில் அயல்மரம் நட்டால் விழுக்காடு ஏறும், ஓடை வற்றும், அறிக்கையில் பாராட்டு வரும். அயல்மரத்தை அகற்றிப் புல்வெளியை மீட்டால் ஓடை திரும்பும், விழுக்காடு இறங்கும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். சரியான வேலையைத் தண்டித்துத் தவறான வேலைக்குப் பரிசளிக்கும் எண்ணை முதன்மைக் குறிகாட்டி என்று சொல்ல நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன். எத்தனையோ திட்ட அறிக்கைகளில் இதே எண் முதல் பக்கத்தில் நிற்பதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். ஐ.நா.வின் 15.4.2 மலைப் பசுமைக் குறியீடு புல்லையும் பசுமையாகவே எண்ணுவதால் இதைவிட ஓரளவு மேல். ஆனால் அதுவும் இனம் பார்ப்பதில்லை. தேயிலைத் தோட்டமும் அதற்குப் பசுமைதான்.

எதை அளக்கலாம் என்றால், சோலை, இயற்கைப் புல்வெளி, அயல்மரம், தேயிலை, காய்கறித் தோட்டம் ஐந்துக்கும் தனித்தனிப் பரப்பு. அதோடு ஏப்ரல் மாத ஓடை ஓட்டம். உங்கள் குழுவின் உழைப்பைச் செலவிட விரும்பினால், வனத்துறை அனுமதியோடு நடக்கும் அயல்மர அகற்றலுக்குக் கை கொடுங்கள். நடத்தான் வேண்டும் என்றால் ஊசுடு ஏரிக்கரையைப் பற்றிப் பேசுவோம்.

உதகையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் கிடைப்பதாக ஓர் அறிக்கையில் படித்தேன். பிறகு ஏன் தட்டுப்பாடு? (கடலூர் முதுநகர்)

மொத்த நீரை எத்தனை பேரால் வகுத்து அந்த எண்ணைப் பெற்றார்கள் என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் உதகை நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 90,000. ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 1.2 கோடி லிட்டர். மே மாதத்தில் ஓரிரவு 30,000 பேர் தங்குவதாக வைத்துக்கொண்டால் அதே நீர் 1.2 லட்சம் பேருக்குப் பங்கு போகும். ஆளுக்கு 100 லிட்டர். தங்கும் விருந்தினர் வீட்டுக்காரரைவிட அதிகமாகவே செலவழிப்பார் என்பதால், உள்ளூர்க் குழாய்க்கு வருவது அதனினும் குறைவு. 2018 மே மாதத்தில் சிம்லாவில் நாள் கணக்கில் குழாயில் நீர் வராமல், சுற்றுலாப் பயணிகளே வரவேண்டாம் என்று உள்ளூர் மக்கள் வேண்டும் நிலை வந்ததே, அங்கும் இதே கதைதான். மறுபடியும் சொல்கிறேன்: ஆண்டுச் சராசரியை விட்டுவிட்டு, மோசமான வாரத்தை அளக்க வேண்டும்.

ஏற்காட்டில் மனை வாங்க எண்ணுகிறோம். என்ன பார்க்க வேண்டும்? (லாஸ்பேட்டை குடும்பம்)

மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். விற்பவர் வெயில் காலத்தில்தான் அழைத்துப்போவார். புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று தேடுங்கள்; நிலத்தில் ஓடை காணவில்லை என்றால் அது மண்ணிட்டு மூடப்பட்டிருக்கிறது. கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது மக்கள் 'ஹாகா' என்று சொல்லும் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்றும், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலச்சரிவு வரைபடத்தில் அச்சரிவு எந்த நிறத்தில் உள்ளது என்றும் பாருங்கள்.

பிறகு தாங்குசுவரின் அருகே சென்று நில்லுங்கள். கல் இடுக்கில் வரிசையாகக் குழாய்த் துளைகள் இருக்கும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறவே அவை வைக்கப்படுகின்றன. மழை நாளில் அவற்றிலிருந்து நீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. துளையில் சிமெண்டு பூசியிருந்தாலோ, துளை காய்ந்து கிடக்கச் சுவரின் வயிற்றுப்பகுதி வெளியே புடைத்திருந்தாலோ, பின்னால் உள்ள மண் நீரைக் குடித்துக் கனத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த மனையை வாங்காதீர்கள். உத்தராகண்டின் மலை நகரமான ஜோஷிமட் பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் நிற்கிறது, அங்கே பெருங்கட்டுமானம் கூடாது என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் வீடுகள் பிளந்தன.

கடலூர் கேப்பர் மலைக்கு இக்குறிகாட்டிகள் பொருந்துமா? (திருப்பாதிரிப்புலியூர்)

பொருந்தா. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கீழ் உள்ள நிலத்தைப் பன்னாட்டு வகைப்பாடு மலையாகக் கொள்வதில்லை. அது செம்மண் மேடு. அங்கே மழை அரித்த பள்ளங்களின் நீளத்தையும் ஆழத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளவிடுங்கள்.

கல்வராயன் மலைக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் செல்கிறோம். கருவி இல்லாமல் அவர்கள் அளக்கக்கூடியது ஏதேனும் உண்டா? (பள்ளி ஆசிரியர், சிதம்பரம்)

உண்டு, வந்த கடிதங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஊர் மக்கள் குடிக்கும் ஒரு சுனையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீர் விழும் இடத்தில் 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்து நடு எண்ணை எழுதுங்கள். 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர். முந்தைய வாரம் மழை பெய்ததா என்று ஊராரிடம் கேட்டுக் குறியுங்கள். கோடைமழைக்கு முன், ஏறத்தாழ அதே தேதியில் ஆண்டுதோறும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இமயமலைப் பகுதியில் ஏறக்குறைய பாதி ஊற்றுகள் வற்றியோ குறைந்தோ வருவதாக 2018இல் நிதி ஆயோக் அறிக்கை கூறியது. சிக்கிம் 2008 முதல் ஊற்றின் மேற்சரிவில் குழிகள் வெட்டி மழையை உள்ளிறக்கி, வற்றியவற்றில் சிலவற்றை மீட்டது. அந்த வேலைக்கும் அடிப்படை இத்தகைய எளிய ஓட்ட அளவுதான். அளக்க வசதியாக இருக்கும் என்று சுனையின் வாயைத் தோண்டவோ சிமெண்டு பூசவோ விடாதீர்கள். நீர் வரும் வெடிப்பு அடைபட்டால் ஊற்று வேறு வழி தேடிப் போய்விடும், அந்த ஊருக்குக் குடிநீர் இல்லாமல் ஆகிவிடும்.