தோட்ட முதலாளி உயில் எழுதாமல் இறந்தால்: 1757 வர்ஜீனியாவில் யாருக்கு என்ன?

கேள்வி: 1757-இல் வர்ஜீனியாவில் தொடங்கும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஐயா. புகையிலைத் தோட்ட முதலாளி ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவியும் இரண்டு சிறு மகன்களும் இருக்கிறார்கள். மகன்கள் வளர்ந்து நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். விதவை தன் பங்கு நிலத்தை விற்று லண்டன் கடனை அடைக்கிறார். தன்னை வளர்த்த அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். சட்டப்படி இதெல்லாம் பொருந்துமா?

பதில்: மூன்றுமே பொருந்தாது. ஆனால் பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றையும் சரிசெய்ய வழி இருக்கிறது.

முதலில் பாகப்பிரிவினை. உயில் இல்லையென்றால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குத்தான். இளையவனுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. வர்ஜீனியா அப்போது பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றம், ஆகவே இங்கிலாந்தின் சட்டம் அப்படியே அங்கும் ஓடியது. வர்ஜீனியா அதை 1785-இல்தான் ஒழித்தது, நடைமுறைக்கு வந்தது 1787-இல். ரொக்கம், கால்நடை, தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு போக மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். அடிமைகள் விஷயம்தான் விசித்திரம். 1705-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதர்களை நிலத்தோடு சேர்த்து அசையாச் சொத்தாக்கியது. அதனால் விதவையின் பங்கு போக மீதி அடிமைகள் மூத்தவனிடம் போவார்கள். அவர்களுடைய மதிப்பைக் கணக்கிட்டு, தம்பிக்குச் சேர வேண்டியதை மூத்தவன் பணமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு நிலமே வேண்டுமென்றால் அப்பாவை உயில் எழுத வையுங்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் தந்தை 1743-இல் இறந்தபோது, 11 வயது ஜார்ஜுக்கும் ஒரு பண்ணையும் 10 அடிமைகளும் கிடைத்தது உயிலால்தான்.

உயிலிலும் ஒரு கண்ணி உண்டு. தாத்தா காலத்திலேயே அந்த நிலத்தை ‘என்டெய்ல்’ செய்திருந்தால், அதாவது விற்காமல் வம்சம் வம்சமாக இறங்க வேண்டும் என்று கட்டிவைத்திருந்தால், அப்பாவால் அதைத் தம்பிக்கு எழுதிவைக்க முடியாது. பெரிய நிலமாக இருந்தால் அந்தக் கட்டை அவிழ்க்கச் சட்டமன்றமே தனிச் சட்டம் போட வேண்டும். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியா சட்டமன்றத்தில் 1776-இல் முதல் வேலையாக ஒழித்தவற்றில் இதுவும் ஒன்று.

அடுத்து விதவை. அவருடைய பங்கு நிலத்திலும் அடிமைகளிலும் மூன்றில் ஒன்று. இதற்கு ‘டவர்’ என்று பெயர். வரதட்சணையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் ‘ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவிக்க’ என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். விளைச்சல் அவருடையது, விற்கும் உரிமை கிடையாது. அவர் இறந்ததும் எல்லாம் முதல் கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். ஆனால் தன் ஆயுள்வரை வாடகைக்கு விடலாம். வாஷிங்டன் 1754-இல் மவுண்ட் வெர்னன் தோட்டத்தைப் பிடித்ததே அப்படித்தான். இறந்துபோன அண்ணனின் மனைவிக்கு அதில் ஆயுள் உரிமை இருந்தது. அவர் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட, ஆண்டுக்கு 15,000 பவுண்டு எடைப் புகையிலை வாடகை பேசி வாஷிங்டன் எடுத்தார். அந்த அம்மாள் 1761-இல் இறந்த பிறகுதான் அது அவருக்குச் சொந்தமானது. உங்கள் விதவையும் நிலத்தை வாடகைக்கு விட்டும் புகையிலையை லண்டனுக்கு ஏற்றியும் கடனைக் குறைக்கட்டும். அவர் மறுமணம் செய்துகொண்டால் நிர்வாகம் புதுக் கணவர் கைக்குப் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் கடினம். அந்தப் பெண் பிறந்த வீட்டிலிருந்து கூடவே வந்தவளாக இருந்தாலும், கல்யாணத்தன்றே கணவரின் சொத்தாகிவிட்டாள். இப்போது விதவையின் பங்கில் வந்தால்கூட அது ஆயுள் அனுபவம் மட்டுமே, விடுதலை செய்ய முடியாது. போதாக்குறைக்கு 1723-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறப்பான சேவை செய்தார் என்று ஆளுநரும் அவருடைய சபையும் ஒப்புக்கொண்டால் ஒழிய, யாருமே எந்த அடிமையையும் விடுவிக்க முடியாது.

இது எவ்வளவு இறுக்கமான கட்டு என்பதற்கு மார்த்தா கஸ்டிஸைப் பாருங்கள். உங்கள் கதை ஏறக்குறைய இவருடையதுதான். கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் இல்லாமல் இறந்தபோது இவருக்கு வயது 26. ஒரு மகன், ஒரு மகள், சுமார் 17,500 ஏக்கர், ஏறக்குறைய 300 அடிமைகள். 1759-இல் வாஷிங்டனை மணந்தார். 40 ஆண்டுகள் கழித்து மவுண்ட் வெர்னனில் இருந்த 317 அடிமைகளில் 153 பேர் அந்த டவர் பங்கில் வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியும். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662-லேயே சட்டம் இருந்ததே. வாஷிங்டன் தன் உயிலில் தனக்குச் சொந்தமானவர்களை மட்டுமே விடுவிக்க முடிந்தது. நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவருக்கே இதுதான் எல்லை. இரண்டு தரப்பினரும் தங்களுக்குள் கல்யாணம் செய்திருந்தார்கள். 1801-இல் கணவன் சுதந்திரமாக வெளியே போக, மனைவியும் பிள்ளைகளும் உள்ளேயே நின்ற குடும்பங்கள் உண்டு. 1802-இல் மார்த்தா இறந்ததும், நின்றவர்களைப் பேரப்பிள்ளைகள் நான்கு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அதற்காக அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட வேண்டாம், 1782-க்குப் பிறகு தள்ளி வையுங்கள். அந்த ஆண்டு முதல் உரிமையாளர் பத்திரம் எழுதியே விடுவிக்கலாம். அவளைப் பாகத்தில் மூத்த மகனுக்குப் போகவிடுங்கள். இரண்டாம் கணவரும் இல்லாத நிலையில், விதவை சொந்தப் பணத்தைக் கொடுத்து மகனிடமிருந்தே அவளை விலைக்கு வாங்கட்டும். அப்போதுதான் அவள் முழுக்க இவருடையவள், எழுதிக் கொடுக்கிற கையெழுத்தும் செல்லும். ஒன்று மட்டும்: விடுதலை பெறுகிறவருக்கு 45 வயது தாண்டியிருந்தால், விடுவித்தவரே கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கதாநாயகியைத் தூக்கி வளர்த்தவள் என்றால் அவளுக்கு நிச்சயம் அந்த வயது தாண்டியிருக்கும். ஆகவே மகன் விலை பேசுகிற காட்சியில், அம்மாவிடம் அந்தச் செலவையும் அவன் சொல்லிக் காட்டலாம்.